கெஸ்ட் பிளேயர்

1

'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை அப்பாவோடு. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். கீழே பாயில் நான். ஸ்டூல் மேல் லேப்டாப். பாவு வராமல் தறி சும்மா கிடந்த வாரம் அது. இல்லாவிட்டால் பகலில் அவரை உட்காரவைத்துப் படம் காட்டவே முடியாது. மலையாளம் அவருக்குப் பாதி புரிந்தது, மீதியை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு கிழவிகளும் அந்த நைஜீரியப் பையனைப் பார்த்துக்கொள்கிற காட்சிகளில் நன்றாகச் சிரித்தார். ஏர்போர்ட் காட்சியில் மூக்கை உறிஞ்சினார். கடைசியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"எல்லாம் சரிடா. அந்தப் பையனுக்குக் கணக்கு முடிச்சாங்களா இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நெகிழ்ச்சியான ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இதுவா கேள்வி என்று நினைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தைப் பற்றி நான் படித்திருந்த எந்த விமர்சனத்திலும் அந்தக் கேள்வி இல்லை. நானே எழுதி ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்திருந்த குறிப்பிலும் இல்லை.

'கணக்கு முடிக்கிறது' என்பது எங்கள் ஊர் நெசவாளி வீடுகளில் தினப்படி புழங்கும் பேச்சு. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். டிசைன் அவருடையது. தறியும் உடம்பும் நம்முடையது. ஒரு பாவில் மூன்றோ நான்கோ சேலை வரும். சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு போனால் எடைபோட்டுப் பார்ப்பார்கள், பிசிறு பார்ப்பார்கள், கூலியில் முன்பணத்துக்கான பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்து நோட்டில் எழுதுவார்கள். இதுதான் கணக்கு. முன்பணம் முழுக்கத் தீர்ந்து, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று ஆகும் நாள்தான் கணக்கு முடிகிற நாள். ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் முதலில் பழைய கணக்கு முடிய வேண்டும். அப்பா நாற்பது வருஷத்தில் ஐந்து பேரிடம் நெய்திருக்கிறார். கணக்கு முழுசாக முடிந்தது இரண்டு இடத்தில்தான். மற்ற இடங்களில் புது முதலாளி பழைய கடனைக் கட்டி 'எடுத்துக்கொண்டார்'. கால்பந்தில் இதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர் என அண்ணன் ஒருமுறை கிண்டலாகச் சொன்னான்.

அண்ணனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் படம்.

2

சக்கரியா முகமது இயக்கி 2018 மார்ச்சில் வந்த படம். மலப்புரத்தில் மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோடை வரைக்கும் நடக்கும் 'செவன்ஸ்' கால்பந்துதான் களம். அணிக்கு ஏழு பேர். சின்ன மைதானம், தற்காலிகமாகக் கட்டிய கேலரி, ராத்திரி விளக்கு, டிக்கெட் வாங்கி வரும் கூட்டம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கட்டுக்குள் வராத தனி உலகம் அது. அல் மதீனா செர்புளசேரி, ஃபிஃபா மஞ்சேரி, சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம் என்றெல்லாம் அணிகளுக்குப் பெயர். இந்த அணிகளுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வருஷாவருஷம் வருகிறார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அந்த ஊருக்கு அவர்கள் 'சுடானி'தான்.

படத்தில் மஜீத் (சௌபின் ஷாஹிர்) அப்படி ஒரு அணியின் மேனேஜர். கையில் காசு நிற்பதில்லை, கல்யாணம் அமையவில்லை. அம்மா மறுமணம் செய்துகொண்டவரை அப்பா என்று ஏற்றுக்கொள்ள மனசு வரவில்லை. அவனுடைய நட்சத்திர ஆட்டக்காரன் சாமுவேல் (சாமுவேல் அபியோலா ராபின்சன்) குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரிச் செலவு தாங்காமல் மஜீத் அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அதற்குப் பிறகு படம் அந்த வீட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை.

கால்பந்துப் படம் என்று உட்கார்ந்தவனுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்த கால்பந்துப் படங்களில் விளையாட்டை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட படம் வேறில்லை. ஏனென்றால் விளையாட்டைத் தொழிலாகச் செய்கிறவனின் வாழ்க்கையில் ஆட்டம் கொஞ்ச நேரம்தான். காத்திருப்பது, அடிபட்டுக் கிடப்பது, வீட்டுக்கு ஃபோன் போடுவது, பாஸ்போர்ட் எங்கே என்று தேடுவது, அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்று கணக்குப் போடுவது, இவைதான் மிச்ச நேரம் முழுக்க. சக்கரியா இந்த மிச்ச நேரத்தைப் படமாக எடுத்தார்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால், அதற்கடுத்த வருஷம் மட்டும் தமிழில் மூன்று கால்பந்துப் படங்கள்: 'பிகில்', 'சாம்பியன்', 'ஜடா'. ஒன்றில் தாக்கப்பட்டுப் படுக்கையில் கிடக்கும் நண்பனுக்காகக் கோப்பை. இன்னொன்றில் அப்பாவின் சாவுக்குப் பழி. மூன்றாவது நம் வடசென்னையின் செவன்ஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு, பாதியில் பேய்ப்படமாக மாறியது. மூன்றிலும் ஆட்டக்காரன் எதற்காவது ஆடுகிறான்: பழிக்காக, ஊர் மானத்துக்காக, வாக்குக்காக. கூலிக்காக ஆடுகிற ஒருவன் கதையின் நடுவில் நிற்பதில்லை. கூலிக்கு ஆடுகிறவன் என்றால் நம் படங்களில் எதிரணியில் இறக்கிவிடப்படும் முரடன்தான்.

'சுடானி'யில் சாமுவேல் எதற்காக ஆடுகிறான் என்பது நேரடியாகச் சொல்லப்படுகிறது. ஊரில் பாட்டியும் தங்கைகளும் இருக்கிறார்கள், பணம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை என்ற தெளிவு படத்துக்கு இருக்கிறது. மஜீதின் அம்மாவாக வரும் சாவித்ரி ஸ்ரீதரனும் பக்கத்து வீட்டு பீயும்மாவாக வரும் சரஸா பாலுச்சேரியும் மேடை நாடகத்திலிருந்து வந்த நடிகைகள். பாஷையே தெரியாத ஒருவனிடம் தங்கள் பாஷையிலேயே ஓயாமல் பேசி, அவனும் புரிந்துகொண்டவன் போலவே ஆகிவிடுகிற அந்தக் காட்சிகளை நடிப்பு என்று சொல்லத் தோன்றவில்லை. கேரள அரசின் அந்த வருஷத்துக் குணச்சித்திர நடிகை விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த அளவுக்குப் பாராட்டு என்னிடம் முன்பே எழுதிவைத்திருந்ததுதான். அப்பாவின் கேள்வி இதற்கு அடுத்த பத்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

3

படத்தில் பணம் இல்லாமலில்லை. எங்கே பார்த்தாலும் பணப்பேச்சுதான். ஆஸ்பத்திரி பில், டிக்கெட் காசு, நண்பர்களிடம் கைமாத்து. ஆனால் கவனித்துப் பார்த்தால் இந்தப் பணமெல்லாம் ஒரே திசையில் நகர்கிறது. மஜீதின் கையிலிருந்து சாமுவேலுக்காகப் போகிற பணம் அது. அதை நாம் எண்ணிக்கொண்டே வருகிறோம். ஒவ்வொரு செலவிலும் மஜீதின் மேல் நமக்கு மதிப்பு கூடுகிறது. சாமுவேல் ஆடிச் சம்பாதித்த பணம், அவன் கால் ஓடியதால் அணிக்கு வந்த பேர், அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி, இவை கதையின் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. மத்தியில் இருப்பது விருந்தோம்பல். சாமுவேல் வீட்டுக்குள் வந்த கணத்திலிருந்து தொழிலாளி இல்லை, விருந்தாளி. விருந்தாளி நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க முடியாது.

இதை நான் படத்தின் குற்றமாகச் சொல்லவரவில்லை. மஜீதுக்கே வழியில்லை, அவனும் ஒரு சின்ன மேனேஜர், அவன் தலைமேலும் கடன் என்று படம் நியாயமாகவே காட்டுகிறது. எங்கள் ஊரிலும் எல்லா முதலாளியும் மாடி வீட்டுக்காரர் இல்லை. நாலு தறிக்குப் பாவு கொடுத்துவிட்டு, சேலை விற்காமல் ராத்திரி தூக்கம் வராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அன்புக்கும் கூலிக்கும் நடுவில் உள்ள இந்தக் குழப்பம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. அப்பாவின் முதலாளிகளில் ஒருவர், பெயர் வேண்டாம், எங்கள் வீட்டு எல்லா விசேஷத்துக்கும் வந்திருக்கிறார். அக்கா கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் கொடுத்தனுப்பினார். "நீ நம்ம வூட்டு ஆளுப்பா" என்பார். அது பொய்யில்லை, மனசாரத்தான் சொன்னார். ஆனால் கூலியை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்கப்போன அன்றைக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். அப்பா திரும்பி வந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, "நம்ம வூட்டு ஆளுன்னு சொன்னப்புறம் இன்னா கேக்கறது" என்றார். கொடுத்தனுப்பிய பணம் முன்பணக் கணக்கில் ஏறியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

'சுடானி' வெளியான சில நாட்களிலேயே இந்தக் கேள்வி படத்துக்கு வெளியே உண்மையாகவே எழுந்தது. சாமுவேலாக நடித்த ராபின்சன், மற்ற நடிகர்களைவிட மிகக் குறைந்த சம்பளமே தனக்குத் தரப்பட்டது என்றும் அதற்குத் தன் நிறம் காரணம் என்றும் ஃபேஸ்புக்கில் எழுதினார். ஒப்புக்கொண்ட தொகையைத்தான் கொடுத்தோம், சின்ன பட்ஜெட் படம் என்று தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். பின்னர் பேசித் தீர்த்து அவருக்கு மேலும் பணம் கொடுக்கப்பட்டது. நிறவெறி என்று சொன்னதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்தச் சில நாட்கள் இணையத்தில் ஓடிய கமெண்டுகள் நினைவிருக்கின்றன. 'இவ்வளவு அன்பு காட்டினோமே, இப்படிப் பண்ணிட்டானே' என்கிற தொனி பலரிடம் இருந்தது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் தங்களையே மஜீதின் அம்மாவாக நினைத்துக்கொண்டுவிட்டார்கள். வீட்டுப்பிள்ளை சம்பளம் கேட்டது அவர்களுக்கு வலித்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கேட்டானா? நல்ல பையன்" என்றார்.

4

ஆங்கிலத்தில் இப்படிக் கிளப் கிளப்பாகப் போய் ஆடும் ஆட்டக்காரனை 'ஜர்னிமேன்' என்கிறார்கள். பயணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 'ஒரு நாள் வேலை' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் மூன்று படி: தொழில் பழகும் பையன், நாள்கூலி வாங்கும் ஜர்னிமேன், சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மாஸ்டர். படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்தது. தார் சுற்றுகிற பிள்ளை, கூலி நெசவாளி, மாஸ்டர் வீவர். கடைசிச் சொல்லை நாங்கள் அப்படியே வைத்திருக்கிறோம். நடுவில் இருப்பவனுக்குத்தான் 'ஆளு' என்பதைத் தவிரப் பெயரில்லை.

உலகம் முழுக்கக் கால்பந்து இந்த நடு ஆளின் மேல்தான் நடக்கிறது. நாம் பார்ப்பது உச்சியில் இருக்கும் சில நூறு பேரை. மற்றவர்கள் இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், ஆறு மாத லோன், பாதி சீசன் பெஞ்ச் என்று போகிறார்கள். எப்போதாவது ஒருவன் மேலே வந்து எட்டிப்பார்க்கிறான். பிலிப்பைன்ஸ் கோல்கீப்பர் நீல் எதரிட்ஜ் அப்படி. அம்மா பிலிப்பைன்ஸ், பிறந்து வளர்ந்தது இங்கிலாந்து. செல்சியின் அகாடமி, ஃபுல்ஹம், லோன்கள், கிளப்பே இல்லாத சில மாதங்கள், ஓல்டம், சார்ல்டன், வால்சால், பிறகு கார்டிஃப். 2018 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கில் இறங்கிய முதல் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் ஆனார். முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஆட்டத்தில் கார்டிஃப் தோற்றது. அந்த ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு அவருடைய வால்சால் வருஷங்களும் ஓல்டம் நாட்களும் 'போராட்டக் கதை' ஆகிவிட்டன. பெனால்டி உள்ளே போயிருந்தால், அல்லது கார்டிஃப் கூப்பிடாமலே போயிருந்தால், அதே வருஷங்களுக்கு என்ன பெயர்?

அதே 2018 அக்டோபரில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பைக் விபத்தில் கலியா குலோத்துங்கன் இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயது. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்குச் செய்தி வந்த அன்றுதான் தெரியும். அண்ணன் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "நம்ம ஆளு."

குலோத்துங்கன் மிட்ஃபீல்டர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சசானாவை 3-1 என்று வென்றார்கள். இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டு மண்ணில் வென்ற பெரிய கோப்பைகளில் அது ஒன்று. கொல்கத்தாவில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், மும்பை எஃப்சி, விவா கேரளா ஆகிய கிளப்களுக்கும் ஆடினார். தஞ்சாவூர்க்காரர், வேலை பார்த்தது வங்காளத்திலும் மும்பையிலும் கேரளாவிலும்.

இந்தக் கிளப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். விவா கேரளா 2011இல் கைமாறிப் பெயர் மாறி, கொஞ்ச காலத்தில் இல்லாமலே போனது. மும்பை எஃப்சி 2017க்குப் பிறகு இல்லை. இது குலோத்துங்கனின் துரதிர்ஷ்டம் மட்டுமில்லை. தமிழகத்தின் இன்னொரு ஆட்டக்காரர் ராமன் விஜயன், 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர், அதை அடித்தது எஃப்சி கொச்சின் அணிக்காக. அந்த கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் 2002இல் கலைந்தது. மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடியது, ஜேசிடி 2011இல். நம் ஊர் சென்னை சிட்டி 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது, மூன்றே வருஷத்தில் ஆட்டத்திலேயே இல்லை. எதரிட்ஜின் வால்சாலுக்குப் போனால் இன்னும் வால்சால் இருக்கும். யாராவது ஒரு கிழவர் அவர் ஆடியதைப் பற்றிச் சொல்வார். நம் ஜர்னிமேன் திரும்பிப் போய் நிற்க ஒரு மைதானமும் கிடையாது. அவன் வேலை செய்த இடங்களே அவனுக்குப் பின்னால் மறைந்துகொண்டு வருகின்றன.

தஞ்சாவூரிலிருந்தே வந்த இன்னொருவர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல். 1973இல் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் டிராஃபியை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான். 'சுடானி'யின் மலப்புரத்துக்காரர்கள் கொண்டாடும் கேரளக் கால்பந்துக்குள் இப்படி ஒரு தஞ்சாவூர்க்காரரும் இருக்கிறார். நாம் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? கிரிக்கெட்டைப் பற்றித் தமிழில் நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. கால்பந்து என்றால் மரடோனாவையும் மெஸ்ஸியையும் பற்றி உருகி உருகி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். குலோத்துங்கனுக்கு நாம் எழுதியது அஞ்சலிக் குறிப்பு. உயிரோடு இருந்தபோது அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி, எந்தக் காலால் பாஸ் கொடுப்பார், எந்த இடத்தில் நிற்பார் என்று தமிழில் யாராவது எழுதியதை நான் படித்ததில்லை.

விமர்சனம் என்று நாம் செய்வதில் இருக்கும் கோளாறு இது என்று நினைக்கிறேன். கோப்பையைத் தூக்கியவனைப் பற்றி எழுதுவோம், விழுந்து செத்தவனைப் பற்றி எழுதுவோம். பதினைந்து வருஷம் ஒழுங்காக வேலை செய்தவனைப் பற்றி எழுத நம்மிடம் வார்த்தையில்லை. புத்தகங்களிலும் அப்படித்தான். நடுத்தரமாக, விடாமல், நாணயமாக எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

5

இனி அண்ணன்.

அவன் ஆடியது இந்த உயரத்திலெல்லாம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர், ராணிப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட்கள். ரைட் பேக். வேகம் கிடையாது, ஆனால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பான். கூப்பிடுகிற அணிக்குப் போவான். பஸ் காசு, சாப்பாடு, கையில் ஒரு தொகை. இப்படிப் போகிறவனுக்கு எங்கள் பக்கம் 'கெஸ்ட் பிளேயர்' என்று பெயர். "வர்ற ஞாயித்துக்கிழமை கெஸ்ட்டா வர்றியா?" என்றுதான் ஃபோன் வரும். காசுக்கு ஆடுகிறவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் சொல் பெரிய கௌரவமாகத் தெரிந்தது. நம் அண்ணனை விருந்தாளியாகக் கூப்பிடுகிறார்கள்! பிறகுதான் அந்தச் சொல்லின் இன்னொரு பக்கம் தெரிந்தது. ஜெயித்தால் கோப்பை அணிக்குப் போகும், ஃபோட்டோவில் கெஸ்ட் ஓரத்தில் நிற்பான். தோற்றால் "கெஸ்ட்ட எறக்கினதே தப்பு" என்பார்கள். கணுக்கால் பிசகினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடுவார்கள். ஒப்புக்கொண்ட தொகையில் பாதியைக் கையில் திணித்து "மீதி அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றால் அவன் என்ன சொல்வது? விருந்தாளி ஆயிற்றே.

நூறு மைல் சுற்றளவில் அண்ணன் ஆடாத அணி ஒன்று உண்டு. அது எங்கள் ஊரிலேயே இருந்தது. நல்ல ஷூ, நல்ல ஜெர்சி வைத்திருந்த அணி. அங்கே சேரப்போனபோது "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னான். அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் சொல்லவே இல்லை.

2024இல் 'லப்பர் பந்து' பார்த்துக்கொண்டிருந்தபோது தியேட்டரில் எனக்கு மூச்சு அடைத்தது. தமிழரசன் பச்சமுத்துவின் அந்தப் படத்தில் ஹரிஷ் கல்யாணின் அன்பு, எந்த அணி கூப்பிட்டாலும் கெஸ்ட்டாகப் போய் ஆடுகிறவன். தன் ஊர் அணியான ஜாலி ஃப்ரெண்ட்ஸில் அவனுக்கு இடமில்லை. காரணம் சாதி. இதை ஒரு பெரிய வசனமாக இல்லாமல், கிரிக்கெட் பேச்சுக்கு நடுவிலேயே படம் சொல்லிக்கொண்டு போகிறது. வீட்டில் இடமில்லாதவன்தான் ஊர் ஊராக விருந்தாளி ஆகிறான் என்பதை நம் சினிமாவில் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை. 'சுடானி' தவறவிட்ட இடத்தில் 'லப்பர் பந்து' சரியாகக் கைவைத்தது. 'சுடானி'யில் சாமுவேலின் ஊர் ஏன் அவனைத் துரத்தியது என்பது தூரத்து யுத்தம், ஒரு ஃபிளாஷ்பேக். நம்மால் பரிதாபப்பட மட்டுமே முடியும். அன்பின் ஊர் நம் ஊர். அங்கே பரிதாபப்பட்டுத் தப்பிக்க முடியாது.

ஆனால் 'லப்பர் பந்து'விலும் ஒரு குறை எனக்கு உண்டு. அன்பு அபாரமான ஆட்டக்காரன், அட்டகத்தி தினேஷின் கெத்துவும் அபாரமான ஆட்டக்காரன். விலக்கப்பட்டவன் திறமைசாலியாக இருப்பதால்தான் நமக்குக் கோபம் வருகிறது. சுமாரான ஆட்டக்காரனை விலக்கியிருந்தால்? அண்ணன் சுமாரான ஆட்டக்காரன்தான். ஊர் அணியில் பதினோராவது ஆளாக, சில நாள் பெஞ்சில், நாலு வருஷம் ஆடிவிட்டுப் போயிருப்பான். அவனிடமிருந்து பறிக்கப்பட்டது இந்தச் சாதாரணமான, சுமாரான இடம்தான். எல்லாத் தெருவிலும் சுமாரான பையன்கள் இருக்கிறார்கள். சிலருக்கு மட்டும்தான் சுமாராக இருக்க உரிமை கிடைக்கிறது. இந்த அநியாயத்தைச் சொல்கிற படத்தை இனிமேல்தான் யாராவது எடுக்க வேண்டும்.

6

அப்பாவிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு உண்டு. முதலாளியின் நோட்டு வேறு, இது இவருடையது. அவர்கள் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம் என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். தேதி, எந்தப் பாவு, எத்தனை சேலை, கூலி, பிடித்தம், மீதி. பேனா மை மாறி மாறி வரும்.

இந்தக் கட்டுரைக்காக முன்பணம் பற்றிச் சிலதைச் சரிபார்க்கலாம் என்று போன மாதம் அதை எடுத்துப் புரட்டினேன். நடுவில் சில பக்கங்களில் சேலைக் கணக்கோடு கலந்து வேறு வரிகள். "ஆம்பூர் 300." "குடியாத்தம் 250, பாக்கி 250." "வேலூர் 500, முழுசும்." "ராணிப்பேட்டை, அடி, இல்லை." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அண்ணன் வீட்டில் கொடுத்த காசை அப்பா எழுதிவைத்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு. அண்ணன் எத்தனை ஆட்டம் ஆடினான் என்று அவனுக்கே தெரியாது. நான் எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு வரி. பாக்கி என்று போட்டதில் வந்து சேர்ந்தவற்றுக்கு மேலே ஒரு கோடு. கோடு போடாதவை முப்பத்தொன்று.

அண்ணன் இப்போது ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர். முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறான். நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். ராணிப்பேட்டை வரியில் விரலை வைத்து, "இது செமி ஃபைனல்டா. நாந்தான் லைன்ல நின்னு கோலைத் தடுத்தேன்" என்றான். அப்பாவிடம் திரும்பி, "இன்னாத்துக்கு இதெல்லாம் எழுதி வெச்ச?" என்று கேட்டான்.

"நீ வேலைக்குத்தானே போன" என்றார் அப்பா. தார்க்குச்சியை நாடாவில் செருகிக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கினார். அன்றைக்குக் காலையில்தான் பாவு வந்திருந்தது.